இடது இறக்கையில் என்ன இருந்தது

ஜனவரி 9

மாதிரி விமானப் பட்டறையின் முதலாளிக்கு,

வணக்கம். முன்னாள் விமானப்படையினர் சங்கத்தின் இதழில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். என் தம்பி ஓட்டிய போர் விமானத்தைப் போல ஒன்று செய்து தர வேண்டும். ஒரு முழ நீளம் இருந்தால் போதும். வால் எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தம்பி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுதான் முக்கியம். இறக்கைகளுக்கு அடியில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனையிலும் குண்டும் ராக்கெட்டும் தொங்க வேண்டும். ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. வேறு எதையும் மாட்ட இடம் இல்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

பதிலை இந்த மருத்துவமனை முகவரிக்கே அனுப்புங்கள். சலவைப் பிரிவு என்று போட்டால் என் கைக்கு வந்துவிடும். முடிந்த விமானத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பலாம். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். வீட்டில் இரண்டு அறைதான். பேசினால் எல்லாம் கேட்கும்.

இப்படிக்கு,
விமானியின் அக்கா


ஜனவரி 17

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலாளி என் மேசையில் போட்டு, "குண்டம்மா, உனக்கு வேலை வந்திருக்கு" என்றார். இங்கே உடல் செய்ய ஒருவர், சாயம் பூச ஒருவர், எழுத்தும் எண்ணும் ஒட்ட ஒருவர் இருக்கிறார்கள். இறக்கைக்கு அடியில் தொங்கும் குண்டுகளும் ஏவுகணைகளும் என் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். ஊதினால் பறந்துவிடுவேன்.

தொலைபேசி வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எனக்குப் போனில் பேச வராது. மணி அடித்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தம்பியின் விமானத்தில் வயிற்றுக்குக் கீழே ஒன்றும் இறக்கைக்கு இரண்டிரண்டுமாக ஐந்து தாங்கிகள் உண்டு. ஆனால் ஐந்திலும் எதை வேண்டுமானாலும் மாட்ட முடியாது. வெளியோரத் தாங்கிகள் ஒல்லியானவை, அவற்றில் சிறு ஏவுகணைதான் நிற்கும். வயிற்றில் பெரும்பாலும் எரிபொருள் தொட்டி இருக்கும். அங்கேயும் குண்டை மாட்டினால் புறப்பட்ட சூட்டோடு திரும்பி வர வேண்டியதுதான். இன்னொன்று, தம்பியின் படைப்பிரிவு அப்போது பயிற்சியில் இருந்ததாகத் தெரிகிறது. பயிற்சிக் குண்டு என்றால் நீல நிறம். மஞ்சள் வளையம் இருந்தால் நிஜ வெடி. இரண்டையும் கலந்து மாட்டினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

எந்த நாளில் பறந்த விமானமாக இருக்க வேண்டும் என்று சொன்னால், அன்று அதில் என்ன தொங்கியது என்று தேடிப் பார்த்து அப்படியே செய்துவிடுவேன். உங்கள் தம்பியின் விமானத்தில் அவர் கொண்டுபோகாத ஒன்றை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னியுங்கள்.

பணிவுடன்,
ஆயுதப் பிரிவு (நான் ஒருத்திதான்)


ஜனவரி 28

குண்டம்மா அவர்களுக்கு,

விவரம் தெரிந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. என் வீட்டில் அதைப் பார்க்கப்போவது ஒரே ஒருத்தி. அவளுக்கு நீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. நிறைய இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் எதுவாக இருந்தாலும் சரி. கடைசி நாள் வேண்டாம்.

நீங்கள் படித்த பெண் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. படித்தவர்களுக்கு எல்லாமே அப்படியே இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் அம்மா என்னிடம் பேசி ஆறு வருடம் ஆகிறது. இருப்பது இரண்டே பேர். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியின் படத்தைப் பார்த்துச் சொல்வாள். "தம்பி, சோறு ஆறுதுன்னு உங்கக்காகிட்ட சொல்லு." "தம்பி, குழாய மூடாமப் போயிட்டா பாரு மகராசி." நானும் படத்துக்கே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பாவம், செத்தும் அவனுக்கு ஓய்வு இல்லை.

காரணம் எழுத மாட்டேன். விமானத்தைக் கேட்டபடி செய்து அனுப்புங்கள்.

விமானியின் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவும் மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை எத்தனையோ முறை படித்தேன். பட்டறை டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மதியம் ஆண்கள் எல்லோரும் கீழே இறங்கி டயர்களின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் என் மேசையிலேயே சாப்பிடுவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர்தான். தங்கியிருக்கும் அறையில் இன்னும் மூன்று பெண்கள். எங்களுக்கு நடுவே திரைத்துணி. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் திரையை விலக்கிப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அம்மா எல்லோரிடமும் "எம்பொண்ணு ஏரோப்ளேன் செய்யுறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். "அதுல எத்தனை பேரு உக்காரலாம்?" என்று ஒருவர் கேட்டாராம். "அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்றாளாம். போனமுறை ஊருக்குப் போனபோது பையில் ஒரு விமானம் வைத்திருந்தேன். வெளியே எடுக்கவே இல்லை.

அதனால் பொய்யாக ஒன்றைச் செய்ய நான் பயப்படுகிறேன். அதன் கனம் எனக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். சங்கத்துச் செயலாளருக்கு எழுதினேன். ஓடுதளத்தின் வேலிக்கு வெளியே நின்று விமானங்களைப் படம் பிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஒருவர் எடுத்த படம் கிடைத்திருக்கிறது. உங்கள் தம்பியின் விமானம், கடைசியாகப் புறப்படும் காலையில் எடுத்தது! கடைசி நாள் வேண்டாம் என்றீர்கள். ஆனால் படம் இருப்பது அந்த நாளுக்குத்தான்.

அதில் ஆயுதமே இல்லை, அக்கா. வயிற்றில் எரிபொருள் தொட்டி. இடது உள்தாங்கியில் ஒரு சாமான் பெட்டி. பார்க்கக் குண்டு மாதிரியே இருக்கும், பக்கவாட்டில் சின்னக் கதவு உண்டு. வேறு தளத்துக்குப் போகும்போது விமானிகள் துணிமணியை அதில்தான் வைப்பார்கள். அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தளத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாராம். நான் இதுவரை அப்படி ஒன்று செய்ததே இல்லை. இடதுபக்கம் மட்டும்தான் படத்தில் தெரிகிறது, வலதுபக்கத்தைத் தொட்டி மறைக்கிறது. அங்கேயும் ஒன்று இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதைப் பார்த்தால் அம்மாவும் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. சண்டைக்குப் போகிற விமானம் இல்லை, வீட்டுப்பக்கம் வருகிற விமானம் அல்லவா? படத்தைப் பெரிதாக்கி, சாமான் பெட்டிக்குச் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
குண்டம்மா


பிப்ரவரி 19

படம் வந்து சேர்ந்தது. நான் வேலையில் இருந்தேன். அம்மாதான் உறையைப் பிரித்திருக்கிறாள்.

காரணம் எழுத மாட்டேன் என்றேன். இப்போது எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் மருத்துவமனையில் கிழிந்த விரிப்புகளைக் கையால் தைப்பவள். வீட்டிலும் தைத்தால் தேவலை என்று தம்பியிடம் ஒரு தையல் மெஷின் கேட்டேன். அவன் இருந்த ஊரில் பழைய மெஷின்கள் நன்றாக இருக்கும் என்று அவனே சொல்லியிருந்தான். "பாத்துட்டேன்க்கா, யானை மாதிரி இருக்கு. இறக்கையில கட்டித் தொங்கவிட்டுக் கொண்டாறேன்" என்று போனில் சிரித்தான். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். எங்களுக்குப் பக்கத்துத் தளத்தில் இறங்க வேண்டிய விமானம் இறங்கவில்லை.

எஞ்சினுக்குள் பறவை போய்விட்டது என்று விசாரணை செய்தவர்கள் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். ஆனால் சாவு வீட்டில் எங்கள் சித்தப்பா வாய் சும்மா இருக்கவில்லை. அவர் லாரி ஓட்டியவர். "ஒரு பக்கமா லோடு ஏத்துனா லாரியே சாயும். இது ஆகாயத்துல போறது" என்றார். யாரையும் குத்திச் சொல்லவில்லை, பேச்சுக்குச் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சந்தையில் கைத்தராசு பிடித்துக் காய்கறி விற்றவள். கனம் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "காக்கா குருவி மோதியா இரும்பு விழும்?" என்று தம்பியின் படத்தைப் பார்த்துக் கேட்பாள்.

அதனால்தான் குண்டு கேட்டேன். அஞ்சு இடத்திலும் குண்டு தொங்கினால், "மெஷின் வைக்க இடமே இல்லம்மா, அவன் சும்மா கிண்டலுக்குச் சொல்லியிருக்கான்" என்று அவளிடம் காட்டலாம் என்று நினைத்தேன். பொய்தான். உங்களைப் போல எனக்குப் பொய்யின் கனம் தெரியாது. வாசலில் ஒருத்தி வாய் மூடிப் போவதும் வருவதுமாக இருப்பதன் கனம் தெரியும்.

இப்போது நீங்கள் பெட்டியைக் காட்டிவிட்டீர்கள். அம்புக்குறி வேறு. ஒரு பக்கம்தான் தெரிகிறது. நான் வீட்டுக்கு வந்தபோது விமானப் படம் மேசை மேல் கிடந்தது. அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தம்பியின் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது எங்கள் வீட்டில் பேசுவதற்குப் படமும் இல்லை.

விமானம் வேண்டாம். இனி எழுதாதீர்கள்.


பிப்ரவரி 26

அக்கா,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு முறை மட்டும் எழுதுகிறேன்.

உறையின் மேல் வீட்டு முகவரியை எழுதும்போதுகூட நீங்கள் முதலில் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் எழுதினேன். சரியான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அது எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

விமானத்தின் உடலைப் பாதி செய்தாயிற்று. முதலாளி அதை உருக்கிவிடச் சொன்னார். நான் என் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

குண்டம்மா


மார்ச் 19

அக்கா,

மறுபடியும் எழுதுகிறேன். திட்டிக்கொண்டேயாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

வலது இறக்கையில் என்ன இருந்தது என்பது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை வைத்து அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தளத்தில் அப்போது விமானங்களுக்கு ஆயுதம் ஏற்றியவர் ஒருவர் இருக்கிறார், இப்போது ஓய்வில் இருக்கிறார் என்று செயலாளர் சொன்னார். முகவரி இல்லை. போன் எண் மட்டும்தான் கொடுத்தார்.

எண்ணைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். கடைசியில் மதியம் எல்லோரும் கீழே போனபின் பட்டறைப் போனை எடுத்தேன். "யாரு பேசுறது?" என்றார். சொல்லத் தயாராக வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "குண்டம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"குண்டம்மாவா? நான் முப்பது வருஷம் குண்டோட குடும்பம் நடத்துனவன். சொல்லும்மா" என்றார்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. உங்கள் தம்பியின் விமான எண்ணைச் சொன்னேன். அவர் சொன்னதை மறக்காமல் இருக்க அப்போதே எழுதி வைத்தேன். அப்படியே தருகிறேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு பாப்பா. கையில தையல் மெஷினத் தூக்கிட்டு வந்து நின்னாரு. மாஸ்டர், இத மாட்டணும்னாரு. சார், ஊசி மாதிரி ராக்கெட்டு எத்தனையோ மாட்டியிருக்கேன், நெஜ ஊசிய இப்பத்தான் மாட்டப்போறேன்னேன். ரயில்ல போட்டு அனுப்புங்களேன்னும் சொன்னேன். ஒடச்சிருவானுங்க மாஸ்டர், எங்கக்கா வாயத் தொறந்து எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்னாரு. அதுக்குமேல நான் என்ன சொல்ல?"

வலதுபக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அங்கயும் ஒரு பெட்டிதான். ஒத்தப் பெட்டி மாட்டி நான் எந்த விமானத்தையும் அனுப்புனதில்ல. மெஷின முதல்ல தராசுல வச்சேன். அந்தப் பக்கத்துக்கு அவரோட துணி, பூட்சு எல்லாம் போட்டோம். பத்தல. கொறைஞ்ச அளவுக்கு மணல் மூட்டை கட்டி வச்சேன். எடை போடாம எதையும் மாட்ற பழக்கம் எனக்குக் கெடையாது. அந்தத் தாங்கி கால் டன் குண்ட சுமக்குறது பாப்பா. அதுக்கு மெஷினெல்லாம் கொசு."

இரண்டு பக்கமும் ஒரே கனம், அக்கா. சாயவில்லை. மெஷின் இருந்தது உண்மை. அதனால் விழவில்லை என்பதும் உண்மை.

போனை வைக்கும்போது அவர் கேட்டார்: "அவங்கக்கா தைக்குறாங்களா?" எனக்குத் தெரியாது என்றேன்.

குண்டம்மா


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சலவைப் பிரிவில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். என் மேற்பார்வையாளர் வந்து, "யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒன்றை உனக்கு எழுதவில்லை. அம்மா மட்டுமல்ல, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் இல்லை. மற்ற நேரத்தில்.

சித்தப்பா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்குத்தான் கண் கலங்கியது. "நான் என்னைக்கு அண்ணி அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. அம்மா படத்தைப் பார்த்து, "தம்பி, காகிதத்துல யாரு வேணா எதையும் எழுதலாம்" என்றாள்.

அவள் அப்படித்தான். கண்ணால் பார்த்த தராசைத் தவிர யாரையும் நம்பமாட்டாள்.

விமானத்தைச் செய். குண்டு ஒன்றும் வேண்டாம். அன்று எப்படி இருந்ததோ அப்படியே செய். இரண்டு பெட்டியும் இருக்கட்டும்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தோடு விமானமும் வருகிறது. இம்முறை மருத்துவமனை முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். யார் முதலில் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிரிக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். மூக்கின் பக்கம் ஈயம் வைத்திருக்கிறேன். அது இல்லையென்றால் இந்த மாதிரி விமானங்கள் வாலில் உட்கார்ந்துவிடும். வெளியோரத் தாங்கிகள் இரண்டும் அன்று இருந்ததுபோலக் காலி. சாயம் பூசுபவர், "என்ன குண்டம்மா, உன் விமானத்துல ஒரு பட்டாசுகூட இல்லயே" என்று கிண்டல் செய்தார். நான் கதையைச் சொன்னேன். ஆமாம், நானாகவே வாய் திறந்து சொன்னேன். அவர் அந்த இரண்டு பெட்டிகளுக்கும் மறுபடி ஒருமுறை சாயம் பூசிக் கொடுத்தார்.

எங்கள் வேலையில் ஒரு கிறுக்கு உண்டு. மூடி ஒட்டிவிட்டால் யாராலும் பார்க்க முடியாத இடத்தையும் சரியாகச் செய்வோம். விமானி அறைக்குள் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் குழாயைக்கூடச் செய்வோம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே இல்லையென்றால் அது செய்தவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இடது பெட்டிக்குள் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. பித்தளையில் செய்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவு. சக்கரம் மட்டும் சரியாக வராமல் பலமுறை செய்தேன். வலது பெட்டிக்குள் ஒரு துணி முடிச்சும் மணலும். மணலை நான் தங்கியிருக்கும் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் எடுத்தேன். இரண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். கடைக்காரர் "மணலுக்கு எடை பாக்க வந்த மொத ஆள் நீதாம்மா" என்றார்.

முதுகில், எரிபொருள் தொட்டிக்கு நேர் மேலே, விரல் நுழையும் அளவுக்கு வளையம் ஒன்று வைத்திருக்கிறேன். நிஜ விமானத்தில் அது கிடையாது. என் வாழ்க்கையில் தெரிந்தே செய்த ஒரே தவறு அது. நூல் கோத்துத் தூக்கினால் விமானம் அந்த இடத்தில்தான் சமமாக நிற்கும். அம்மா தராசைத்தான் நம்புவார் என்று எழுதியிருந்தீர்களே.

குண்டம்மா


மே 24

தங்கச்சி,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துவிட்டது. அது என்ன வேலை என்று கடைசியில் சொல்கிறேன்.

விமானத்தைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். துணி சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா கட்டிலில் இருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. விமானத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அவள் வெகுநேரம் தொடவே இல்லை. பிறகு குனிந்து இறக்கைக்கு அடியில் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சித்தப்பா நூல் கொண்டுவரப் போனார். அதற்குள் அம்மா வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நூலுக்குக் காத்திருக்கவில்லை. முதுகு வளையத்தில் ஆள்காட்டி விரலை மாட்டி, சந்தையில் தராசைத் தூக்கிப் பிடிப்பது போலக் கண்ணுக்கு நேரே தூக்கினாள்.

விமானம் ஒருமுறை மெல்ல ஆடியது. பிறகு நின்றது.

அவள் விரலைக் கீழே இறக்கி மறுபடி தூக்கினாள். சந்தையிலும் அப்படித்தான் செய்வாள், முதல் எடையை நம்பமாட்டாள். மறுபடியும் நேராக நின்றது. தம்பியின் படம் அவளுக்குப் பின்னால்தான் மாட்டியிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள மெஷின் இருக்கா?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பா என்னை முழங்கையால் இடித்தார்.

"இருக்கும்மா."

"சாயலியே."

"ஆமாம்மா."

அவள் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நரைத்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "அவங்கிட்ட மெஷின் கேட்டியே, என்ன தைக்குறதுக்கு?" என்றாள்.

இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. "வெளியாளுங்களுக்குத் தைக்கலாம்னுதான். முதல்ல உன் தலையணைக்கு ஒரு உறை" என்றேன். அதுதான் உண்மை. அப்போது அவளுடைய தலையணை உறை நைந்துபோயிருந்தது.

அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான். அழுதுகொண்டே, "அறிவிருக்காடி உனக்கு? ஒரு தலாணி உறைக்கு மெஷினா? கையால தைக்கத் தெரியாதா?" என்று திட்டினாள். சித்தப்பா வெளியே போய்விட்டார். அவள் திட்டி முடிக்கும்வரை நான் அப்படியே நின்றேன். நடுவில் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் அவள் அதிகம் பேசுவதில்லை. பழக்கத்தில் படத்திடம் பேச ஆரம்பித்து, பாதியில் என் பக்கம் திரும்புகிறாள். அவன் இல்லை என்பது இப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரிகிறது. இவ்வளவு நாளும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டிருந்தோம். வீடு முன்னைவிட அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு அமைதி.

நான் சொன்ன வேலை அந்தத் தலையணை உறைதான். கையால் தைத்து முடித்தேன். ஓரத் தையல் கோணல் என்று அம்மா பிரிக்கச் சொன்னாள். மறுபடி தைத்தேன். உன் மாஸ்டர் கேட்டால், தைக்கிறேன் என்று சொல்.

விமானத்தை அலமாரியில் வைக்கவில்லை. அம்மாவின் பழைய தராசு மாட்டியிருந்த ஆணியில் நூலில் தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. சாயவில்லை.

உன் அம்மாவிடம் நீ செய்யும் விமானத்தைக் காட்டு. அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உனக்குத்தான் இப்போது போனில் பேச வருகிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீட்டில் இரண்டு அறைதான், பேசினால் எல்லாம் கேட்கும்.

கேட்கட்டும்.

உன் அக்கா